மேலே என்றால் கீழே

அத்தியாயம் 6

“குளிக்கிற தொட்டியக் களவெடுத்தவன் சோப்பையும் சேத்து எடுத்துட்டானா மிஸ்?”

லுணுகலை வளைவுகளில் ஆட்டோவை வெட்டி வெட்டித் திருப்பியபடியே சதீஸ்குமார் கேட்டான். பின் இருக்கையில் இருந்த ஸுபைரா சிரிக்கவுமில்லை, முறைக்கவுமில்லை. காப்புறுதிக் கம்பனி ஒன்றில் பொய்யான நட்டக் கணக்குகளைத் துருவித் துருவிப் பார்த்தே தலைமுடி நரைத்தவள் அவள். ஓய்வு பெற்ற பிறகும் பதுளையில் அவள் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்கள் குறையவில்லை. அப்படித் தட்டியவர்களில் கடைசி ஆள், பஸார் பக்கம் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஹஸீப் நானா.

அவர் அழாத குறையாகச் சொன்ன கதை இதுதான். பாறைக்காடு தோட்டத்துப் பெரிய பங்களா இப்போது ஹோட்டல். வெள்ளைக்காரத் துரை கப்பலில் வரவழைத்த இரும்புக் குளியல் தொட்டி ஒன்று அங்கே கிடந்தது. நாலு மூலையிலும் நகம் விரித்த சிங்கக்கால். பங்களாவைத் திருத்தியபோது அதைத் தூக்கிக் கொல்லைப்புறச் சரிவில், காய்கறிப் பாத்திக்குத் தண்ணீர் பிடித்து வைக்கப் போட்டுவிட்டார்கள். அண்மையில் தங்க வந்த ஒரு விருந்தாளி அதைப் படம் பிடித்துக் கொழும்பு முதலாளிக்குக் காட்டி, “இது எவ்வளவு பெரிய பொக்கிஷம் தெரியுமா?” என்று கேட்டிருக்கிறார். முதலாளி துள்ளி எழுந்து, அதைத் துலக்கி முதல் அறையில் வைக்கச் சொல்லி உத்தரவு போட்டார். துலக்கப் போனால் தொட்டியைக் காணோம்.

போன ஞாயிறு மத்தியானம், தோட்டமே, தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக் கல்யாணத்தில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கொட்டும் மழையில் அது போயிருக்கிறது. சரிவின் உச்சியில் நிற்கும் குட்டி டிரக்டரில் பூட்டிய கரண்ட் வின்ச்சால், கம்பிக்கயிறு கட்டி மேலே இழுத்திருக்கிறார்கள். அந்த டிரக்டரை ஓட்டுகிறவன் கிருஷ்ணராஜ். அதன் பற்றரி தினமும் அவன் வீட்டில்தான் இருக்கும். தொட்டியை விலைக்குக் கேட்டுப் பலமுறை அலைந்தவர் ஹஸீப். இரண்டையும் கூட்டிப் பார்த்த பொலிஸ், கிருஷ்ணராஜை ஸ்டேசன் கூட்டுக்குள் போட்டுவிட்டு, ஹஸீப் நானாவின் கடையைத் தலைகீழாகப் புரட்டிவிட்டது. நாளைக்குக் கோர்ட். கிருஷ்ணராஜின் குடும்பம் லயத்து வீட்டைக் காலி பண்ண வேண்டும் என்று ஹோட்டலிலிருந்து ஆளும் போயாயிற்று.

“சோப்ப விடு. தொட்டியத் தூக்கினவன் எப்படித் தூக்கினான்னு மட்டும் யோசி” என்றாள் ஸுபைரா.

பங்களா வாசலில் ஹஸீப் நானாவின் குட்டி லொறி ஏற்கெனவே நின்றது. பக்கத்தில் ஹோட்டல் மனேஜர் சுரேஸின், பின்னால் திறந்த தட்டு வைத்த வெள்ளை நிற கெப் வாகனம். சுரேஸ் மடிப்புக் கலையாத சேர்ட்டோடு ஓடிவந்து வரவேற்றான். அவன் பின்னால் சார்ஜன்ட் ஹேரத், கையில் பிளேன்ட்டிக் கோப்பையும் முகத்தில் சலிப்புமாக.

“கேஸ் முடிஞ்சது மிஸ்” என்றார் ஹேரத், பழகிய தமிழில். “வின்ச்சுக்கு கரண்ட் வேணும். கரண்ட்டுக்கு பற்றரி வேணும். பற்றரி அவன் வீட்டுல. வேற யாரு?”

“முடிஞ்ச கேஸையும் ஒருக்காப் பாத்துட்டுப் போறேன் சார்ஜன்ட். மெசின் எங்க?”

கொல்லைப்புறக் கொட்டிலுக்குள் அது நின்றது. புல்வெட்டுவதற்காகத் துரை இங்கிலாந்திலிருந்து இறக்கிய டிரக்டர். ஆள் இடுப்பளவு உயரம், ஆமை முதுகு போல மூக்கு. தோட்டத்துச் சனம் அதற்கு வைத்த பெயர் ‘குட்டித்துரை’. இப்போது புல்லைவிட விறகும் காய்கறி மூட்டையும் சரிவிலிருந்து மேலே ஏற்றுவதுதான் அதற்கு வேலை. அதற்காகத்தான் பின்பக்கம் வின்ச் பூட்டியிருந்தது. வின்ச்சிலிருந்து ஒரு வயர் நீண்டு, அதன் நுனியில் இரண்டு பொத்தான் வைத்த கைப்பிடி. பொத்தான்களுக்கு மேல் பிளாஸ்டர் ஒட்டி, முத்து முத்தான எழுத்தில் ஒன்றில் ‘மேலே’, மற்றதில் ‘கீழே’ என்று எழுதியிருந்தது.

“இத நீங்க ஓட்டுவீங்களா சுரேஸ்?”

“ஐயோ, நான் கையாலகூடத் தொட்டதில்ல மிஸ்! எண்ணெய் பட்டா சேர்ட் போயிரும்.”

ஸுபைரா குனிந்து, வின்ச்சின் வயர்கள் பொருந்தும் பித்தளை முனைகளைப் பார்த்தாள். இரண்டிலும் பளபளவென்று புதுக் கீறல்கள், பல் பதிந்தது போல.

“சதீஸ், இது என்ன?”

“முதலைக் கிளிப் கடிச்சிருக்கு மிஸ். ஒரு வண்டியில பற்றரி செத்துட்டா அடுத்த வண்டியிலருந்து கரண்ட் எடுக்க மாட்டுவமே, அந்தக் கிளிப்.” சதீஸ்குமார் தலையைச் சொறிந்தான். “சிங்கக்கால் தொட்டி, முதலைக் கடி... இது ஹோட்டலா, மிருகக்காட்சிச்சாலையா?”

அவள் சரிவில் இறங்கினாள். சதீஸ்குமார் வழுக்கி வழுக்கிப் பின்னால் போனான். பாதி தூரத்தில், ஒரு மண்வரம்பின் விளிம்பில், தொட்டி இருந்த இடம் புல் முளைக்காமல் மஞ்சளாகத் தெரிந்தது. பக்கத்தில் அதை நகராமல் நிறுத்தி வைத்திருந்த மரக் கட்டைகள் உதைத்துத் தள்ளிய மாதிரி விழுந்து கிடந்தன.

“இழுத்த தடம் எங்க இருக்கு?”

“இந்தா, மேல போகுது மிஸ். நல்லா வழுவழுன்னு, ஒரே கோடா.”

“கீழ?”

அவன் திரும்பிப் பார்த்தான். அந்த மஞ்சள் திட்டுக்குக் கீழேயும் ஒரு தடம் இருந்தது. வரம்பைப் பிய்த்துக்கொண்டு நேராக, வாய்க்கால் மாதிரி வெட்டிய கானுக்குள் போய் முடிந்தது. கானுக்குள் தண்ணீர் சலசலத்தது. அதற்குள் கையை விட்டுத் துழாவிய சதீஸ்குமார், “அம்மாடி!” என்று கத்திக்கொண்டே எதையோ தூக்கினான். நகம் விரித்த ஓர் இரும்புச் சிங்கக்கால்.

“மேல போக வேண்டிய சிங்கம் ஏன் மிஸ் முதல்ல கீழ வந்துச்சு? தண்ணி குடிக்கவா?”

“இன்னிக்கி நீ கேட்டதுலயே உருப்படியான கேள்வி இதுதான்” என்று சொல்லி, ஸுபைரா அந்தக் காலை வாங்கிக் கைப்பைக்குள் போட்டாள். “வா, கிருஷ்ணராஜ் வீட்டுக்குப் போவம்.”

லயத்தின் கடைசி வீடு. வாசலில் பாதி கட்டிய மூட்டைகள். கிருஷ்ணராஜின் மனைவி துஷாந்தினி அழுது முடித்துக் கோபத்துக்கு வந்திருந்தாள்.

“உக்காருங்கம்மா. கதிரை ரெண்டயும் மூட்டையா கட்டிட்டேன், பெட்டி மேலதான் உக்காரணும்” என்றாள். மூலையில் பற்றரி இருந்தது. அதன் மேல் ஒரு சின்ன டீவி.

“ஞாயித்துக்கிழமை இந்தப் பற்றரி எங்க இருந்துச்சு?”

“இங்கதாங்க. வேலையில்லாத நாள்ல அவரு கழட்டிட்டு வந்துருவாரு. நாங்க கல்யாணத்துக்குப் போயிட்டோம். அன்னிக்கு மழைக்குக் கரண்ட் போயிருச்சுங்களா, அந்தில லயத்துச் சனம் பூராவும் நாடகம் பாக்க எங்க வீட்டுக்கு வந்துருச்சு. நாடகம் முடிஞ்சு, பாட்டுப் போட்டு, பொண்ணு மாப்பிள்ளையக்கூட ஆட விட்டாங்க. டீவி நிக்கவே இல்ல.”

“அன்னிக்கே இந்தப் பற்றரி அந்தத் தொட்டிய இழுத்திருந்தா?”

துஷாந்தினி கசப்பாகச் சிரித்தாள். “எங்கேருந்துங்க? வின்ச்சு குடம் குடமாக் கரண்ட் குடிக்கும். குட்டித்துரையோட டைனமோ சொட்டுச் சொட்டாத்தான் ஊத்தும். அவரு ஒரு கட்டு விறகு இழுப்பாரு, அப்புறம் இஞ்சின ஓடவிட்டுட்டுக் குந்தியிருப்பாரு. பற்றரி ஏறினாத்தான் அடுத்த கட்டு. இழுக்கிறதவிடக் குந்தியிருக்கிறதுதான் கூடன்னு எல்லாரும் நக்கல் பண்ணுவாங்க.”

ஸுபைரா சதீஸ்குமாரைப் பார்த்தாள். அவனுக்கும் விளங்கிவிட்டது. குட்டித்துரை இழுத்திருந்தால் நின்று நின்றுதான் இழுத்திருக்கும். நின்ற இடமெல்லாம் தொட்டி மண்ணில் குழி பறித்திருக்கும். அந்தத் தடமோ ஒரே கோடு. அதோடு, அந்தியில் டீவி ஓடியிருக்காது.

“அப்ப வேற வண்டியோட பற்றரியிலருந்து கரண்ட் எடுத்திருக்கான். முதலை அதுலதான் கடிச்சிருக்கு” என்றான் சதீஸ்குமார்.

“எந்த வண்டின்னுதான் தெரியணும். துஷாந்தினி, அந்தப் பிளாஸ்டர்ல எழுதினது யாரு?”

“நான்தாங்க. பொத்தான்ல அம்புக்குறி போட்டுத்தான் வந்துச்சு. ஆனா குட்டித்துரைல மாட்டினா மேல போற அம்ப அமுக்கினாக் கயிறு கீழ போகுது. எல்லாம் தலைகீழ். வயர மாத்திக் கட்டுங்கன்னேன். மாத்தினா வயர் எட்டலன்னாரு. அதனால அம்பு மேலயே பிளாஸ்டர ஒட்டி, சரியா எழுதித் தரச் சொன்னாரு.”

வாயருகே போன, துஷாந்தினி ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணிக் கோப்பை ஸுபைராவின் கையில் அப்படியே நின்றது. பிறகு அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், தோள் குலுங்க. சதீஸ்குமார் பெட்டியிலிருந்து எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தான். அவள் அப்படிச் சிரித்த நாட்களில் எல்லாம் அவனுக்குத்தான் ஏதாவது நடந்திருக்கிறது.

“துஷாந்தினி, இந்தப் பற்றரிய வழக்கமா பூட்டுற மாதிரியே குட்டித்துரைல பூட்டித் தருவீங்களா?”

“கண்ணக் கட்டிட்டும் பூட்டுவேங்க.”

கொட்டிலுக்கு வந்து அவள் பற்றரியைப் பூட்டினாள். டிரக்டர் இருமிக்கொண்டே உயிர் பெற்றது. ஸுபைராவின் சொல்படி சதீஸ்குமார் ஆட்டோவைக் கொல்லைச் சரிவின் விளிம்பில் கொண்டுவந்து நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினான். அந்த ஆட்டோவின் பின்புறத்தில் ‘மின்னல் ராணி’ என்று சிவப்பில் எழுதியிருக்கும். கல்யாணம் கட்டாத சதீஸ்குமாருக்கு உலகத்தில் உள்ள ஒரே ராணி அவள்தான்.

“என் குடைய எடுத்துட்டு வாறேன்” என்று ஸுபைரா ஆட்டோவுக்குள் தலையை நுழைத்தாள். குடையோடு வெளியே வந்தாள். அடுத்த நொடி மின்னல் ராணி அசைந்தாள். பிறகு நகர்ந்தாள். பிறகு ஓடினாள்.

“மிஸ்ஸ்ஸ்!”

சதீஸ்குமார் கத்திக்கொண்டே பின்னால் பாய்ந்தான். ஆட்டோ முட்டைக்கோசு பாத்தி இரண்டைக் கடந்து, போஞ்சிப் பந்தலுக்குள் மூக்கை நுழைத்து நின்றது. போஞ்சிக் கொடிகள் அதன் தலையில் மாலை போல விழுந்தன. சத்தம் கேட்டுப் பங்களாவிலிருந்து எல்லோரும் ஓடி வந்தார்கள்.

“பிரேக் வழுக்கிட்டுதே!” என்று ஸுபைரா நெஞ்சில் கை வைத்தாள். அவ்வளவு மோசமான நடிப்பை சதீஸ்குமார் பள்ளிக்கூடக் கலைவிழாவில்கூடப் பார்த்ததில்லை. “நல்ல காலம், வின்ச் இருக்கு. சுரேஸ், சார்ஜன்ட், நீங்க ரெண்டு பேரும் கீழ போய்க் கொக்கிய மாட்டுங்க. ஹஸீப் நானா, நீங்க இங்க வந்து பொத்தானப் பிடிங்க.”

“நானா? எனக்கு இந்த மெசின் கிசின் ஒண்டும் தெரியாதே!”

“தெரியாட்டித்தான் நல்லது.”

ஹஸீப் நானா கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டி, பிளாஸ்டரை எழுத்துக் கூட்டி வாசித்தார். “மே... லே. பிஸ்மில்லாஹ்” என்று பொத்தானை அமுக்கினார். வின்ச் முனகியது. கயிறு இறுகி, மின்னல் ராணி போஞ்சிப் பந்தலிலிருந்து பின்பக்கமாக மெல்ல மெல்ல ஏறத் தொடங்கினாள். சதீஸ்குமாருக்கு மூச்சு வந்தது.

“போதும் நானா, நிப்பாட்டுங்க. உங்களுக்கு மூச்சு வாங்குது. சுரேஸ், நீங்க மேல வாங்க! மத்தவங்க எல்லாரும் ஆட்டோவ விட்டுத் தள்ளி நில்லுங்க!”

சுரேஸ் சேர்ட் கையை மடித்துக்கொண்டே மேலே ஏறி வந்தான். ஸுபைரா கைப்பிடியை அவன் கையில் திணித்த அதே நேரம் அலறினாள்.

“ஐயோ, கொக்கி கழருது! இழுங்க சுரேஸ், மேல இழுங்க, சீக்கிரம்!”

சுரேஸ் யோசிக்கவில்லை. அவன் கட்டைவிரல் சடாரென்று போய் ஒரு பொத்தானை அமுக்கியது. வின்ச் உறுமியது. மின்னல் ராணி கீழ்நோக்கிப் போனாள். அவன் பதறிப்போய் இன்னும் அழுத்தினான். அவள் போஞ்சிப் பந்தலைத் தாண்டி, வரம்பைத் தாண்டிக் கானுக்குள் சரிந்து, முன்விளக்கை ஒரு கல்லில் கொண்டுபோய் இடித்தாள். கண்ணாடி உடைந்த சத்தம் சதீஸ்குமாரின் நெஞ்சுக்குள் கேட்டது.

ஸுபைரா எட்டி டிரக்டரை நிறுத்தினாள்.

“எந்தப் பொத்தான அமுக்கினீங்க சுரேஸ்?”

அவன் குனிந்து பார்த்தான். அவன் விரல் இன்னும் ‘கீழே’யின் மேல்தான் இருந்தது.

“இது... பிளாஸ்டர் மாறி ஒட்டியிருக்குதானே மிஸ். அதனாலதான்...”

“மாறி ஒட்டியிருக்கா? ஹஸீப் நானா இப்பத்தானே ‘மேலே’ அமுக்கினாரு, ஆட்டோ மேல வந்துச்சே. பிளாஸ்டர் சரியாத்தான் இருக்கு. அது பிழைன்னு உங்களுக்கு யாரு சொன்னது?”

சுரேஸ் கைப்பிடியை டிரக்டர் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

மூச்சிரைக்க மேலே ஏறி வந்த சார்ஜன்ட் ஹேரத், “எனக்கு விளங்கல்ல” என்றார்.

“நான் சொல்றேன் சார்ஜன்ட். இப்ப ஓடுற வண்டி எல்லாத்துலயும் பற்றரியோட மைனஸ் முனைய வண்டியோட பொடியோட, அதான் இரும்பு உடம்போட, சேத்துக் கட்டுவாங்க. இந்தப் பழைய இங்கிலாந்து டிரக்டர்ல பிளஸ்ஸத்தான் பொடியோட கட்டியிருக்கு. அதனால வின்ச்சு மோட்டர் இதுல தலைகீழாச் சுத்துது. அதுக்காகத்தான் கிருஷ்ணராஜ் பொத்தான் மேல பிளாஸ்டர மாத்தி ஒட்டியிருக்கான். குட்டித்துரையோட பற்றரியில ஓடினா அந்தப் பிளாஸ்டர் சரி. வேற வண்டியிலருந்து முதலைக் கிளிப் போட்டு ஓட்டினா, அதே பிளாஸ்டர் பிழை.”

சதீஸ்குமாருக்கு, உடைந்த விளக்கின் துக்கத்தையும் மீறி, மண்டைக்குள் பளிச்சென்றது. “அதான் சிங்கம் கீழ வந்துச்சா!”

“அதேதான். மழைக்குள்ள தொட்டியக் கயித்துல கட்டிட்டு, முட்டுக் கொடுத்திருந்த கட்டையயும் தட்டி விட்டுட்டு, மேல வந்து ‘மேலே’ன்னு எழுதினத அமுக்கியிருக்கான். கயிறு தளர்ந்து தொட்டி கானுக்குள்ள போயிட்டு. அதுக்குப் பிறகுதான் இந்தப் பொத்தான் மாறி வேல செய்யுதுன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. அவ்வளவு பெரிய அடி பட்டவன் அதை மறப்பானா? விரல் மறக்கல்ல.”

அவள் கைப்பையிலிருந்து இரும்புக் காலை எடுத்து, சுரேஸின் மடிப்புக் கலையாத சேர்ட்டுக்கு முன்னால் நீட்டினாள்.

“இதோட மத்த மூணு காலும் எங்க சுரேஸ்?”

அவன் காற்றுப் போன ட்யூப் மாதிரிச் சொன்னான். “கொஸ்லந்தயில.”

“அங்க என்ன?”

“நான் சொந்தமா ரெண்டு ரூம் கட்டிட்டிருக்கேன். வெள்ளைக்காரங்க வந்து தங்குற மாதிரி. இங்க யாருமே அந்தத் தொட்டியத் திரும்பிப் பாக்கல மிஸ். வெயில்லயும் மழைலயும் கிடந்துச்சு. நானும் மச்சானும் கெப்போட பற்றரியிலருந்தே கரண்ட் எடுத்து இழுத்து, பலகை போட்டுக் கெப்புல ஏத்திட்டுப் போனோம். போன பிறகுதான் முதலாளிக்கு அது மேல ஆசை வருது! யாரு மேலயாவது போட்டாத்தான் நான் தப்பலாம்னு...” குரல் இறங்கிக்கொண்டே போனது.

“போட்டது சரி. அந்த மனுசனோட வீட்டையும் காலி பண்ணச் சொன்னீங்களே” என்றாள் துஷாந்தினி. அவள் கத்தவில்லை. அதனாலேயே சுரேஸால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஹேரத் தொப்பியைக் கழற்றி, தலையைத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு போனை எடுத்துக்கொண்டு தூரமாக நடந்தார். அவர் சிங்களத்தில் பேசியது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. ஆனால் கூடவே அவர் இரண்டு தரம் தலை குனிந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

“மிஸ்” என்றான் சதீஸ்குமார், பொங்கி வந்ததை அடக்கிக்கொண்டு. “என்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா நீ அப்படிக் கத்தியிருப்பியா? உன் கத்தலக் கேட்டுத்தான் பிரேக் வழுக்கினத அவன் நம்பினான்.”

“புது விளக்கு?”

“ஹஸீப் நானா வாங்கித் தருவாரு. அவரோட மானம் அதவிடப் பெறுமதி.”

ஹஸீப் நானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “ரெண்டு விளக்கும் மாத்தித் தாறன் மகனே” என்றார். உடையாத விளக்கையும் சேர்த்து மாற்றுவதாக அவர் சொன்னதில் சதீஸ்குமாரின் கோபம் பாதி வடிந்தது.

சுரேஸைக் கெப்பின் முன் சீட்டில் உட்காரவைத்து, சார்ஜன்டே ஓட்டிக்கொண்டு போனார். மலைக்கு மேலே வெயில் சாய்ந்தபோது ஒரு பொலிஸ் ஜீப் வந்தது. கிருஷ்ணராஜ் இறங்கினான். ஒல்லியான, உயரமான ஆள். இரண்டு நாள் தாடி. கட்டியிருந்த சாரத்தின் விளிம்பில், கூட்டுக்குள் தரையில் உட்கார்ந்ததால் ஒட்டிய அழுக்கு. அவனைக் கட்டிப்பிடித்து அழுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, துஷாந்தினி அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “எப்ப சாப்பிட்டீங்க?” என்றாள். பதிலுக்கு நிற்காமல் அவள் திரும்பி வேகமாக லயத்துக்கு நடந்தாள். கட்டிய மூட்டைகளில் எதை அவிழ்த்தாளோ, திரும்பி வரும்போது பீங்கான் தட்டில் சோறும் பருப்பும் கருவாட்டுத் துண்டும் இருந்தன.

கிருஷ்ணராஜ் டிரக்டரின் மட்கார்டில் உட்கார்ந்து சாப்பிட்டான். முதல் கவளத்தில் அவன் தோள் ஒருமுறை குலுங்கியது. அதன்பின் குனிந்த தலை நிமிரவில்லை. சதீஸ்குமாரின் நாக்கின் நுனியில் பொலிஸைப் பற்றியும் தொட்டியைப் பற்றியும் நாலைந்து நக்கல் தயாராக இருந்தது. ஒன்றையும் சொல்லத் தோன்றவில்லை. அவன் போய் ஒரு கோப்பைத் தண்ணீர் கொண்டுவந்து கிருஷ்ணராஜின் பக்கத்தில் வைத்தான்.

தண்ணீரைக் குடித்த பிறகுதான் கிருஷ்ணராஜ் சரிவைப் பார்த்தான்.

“கான்ல கிடக்கிற ஆட்டோ யாருது தம்பி?”

“என்னுதுண்ணே.”

“சாப்பிட்டுட்டு எடுத்துத் தாறேன்.”

“அவசரமில்லண்ணே” என்றான் சதீஸ்குமார். “ஆறுதலாச் சாப்பிடுங்க.”